வின்சன்ட் அடித்த மருந்து

ஒன்பது நாளாக மேரி ரோஸ் தன் புருசனுக்குக் கத்தரிச்செடியைப் பற்றிப் பாடம் எடுத்தாள். நவநாள் செபம் போலத்தான் அதுவும் நடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் ஒரே கேள்விகள், ஒரே பதில்கள், முடிவில் ஒரு பெருமூச்சு.

“கத்தரிக்குப் பூச்சி வந்தா என்ன செய்வியள்?”

“வேப்பங்கொட்டையை இடிச்சு, ஒருநாள் ஊறவிட்டு, வடிச்சு, சவுக்காரம் கொஞ்சம் கரைச்சுத் தெளிப்பன்.”

“பசளை?”

“மாட்டெரு, ஆட்டெரு, பூவரசங்குழை.”

“கழுதை எரு?”

“அது தீவுக்காறர் போடுறது. எங்களுக்கு ஒரு மரியாதை இருக்கு.”

“அந்தக் கடைசிக் கதை வேண்டாம்,” என்றாள் மேரி ரோஸ். “லூசியாக்காவும் தீவு ஆள்தான், கீரி. நாளைக்கு அவவும் நிப்பா.”

வின்சன்ட் கெட்டிக்காரர்தான். சின்ன வயதில் ஞானோபதேசப் பரீட்சையில் முதற்பரிசு எடுத்தவர். விளங்காததை மனப்பாடம் செய்வதில் அவரை வெல்ல நறுவிலிக்குளத்தில் ஆளில்லை. கத்தரியில் எது ஆணிவேர் எது களை என்று தெரியாமலே கத்தரியைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசக் கூடியவராக ஒன்பதே நாளில் ஆகிவிட்டார்.

தோட்டம் மேரி ரோஸுடையது. கடுதாசியில் மட்டும் வின்சன்டுடையது. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து இறங்கியபோது, காணிக் கந்தோரில் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். வின்சன்ட் கையைத் தூக்கினார். அந்த அரை ஏக்கர் காணிக்காக அவர் தூக்கிய முதலும் கடைசியுமான பாரம் அந்தக் கைதான். காணிப் பெர்மிற் அவர் பெயரில் வந்தது. பற்றை வெட்டியது, கிணறு தூர்வாரியது, இரும்புத் துண்டுகள் பொறுக்கியது, அறுநூறு கத்தரி, மூன்று வரிசை வெண்டி, ஒரு பந்தல் பயற்றை என்று வைத்து வளர்த்தது எல்லாம் மேரி ரோஸ். பிறகு வந்த படிவங்கள் எல்லாம் பெர்மிற்றைப் பார்த்து எழுதப்பட்டன. ஆகவே எல்லாப் படிவத்திலும் தோட்டக்காரர் வின்சன்ட்.

இதுவரை அதில் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. கரைச்சலைக் கொண்டுவந்தது லூசியாவின் சமையல்.

போர் முடிந்த பிறகு மன்னாரில் மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் விளைந்தது பயிற்சிப்பட்டறைதான். கோழி வளர்க்கப் பயிற்சி, மனதை ஆற்றப் பயிற்சி, சமாதானமாக இருக்கப் பயிற்சி, பயிற்சி கொடுப்பவர்களுக்குப் பயிற்சி. வருகிற எல்லாருக்கும் மத்தியானம் பசித்தது. கீரியில் இருந்து லூசியா ஒரு ஸ்கூட்டரில் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போய் அந்தப் பசியைப் பிடித்துக்கொண்டாள். பார்சல் பெருத்து, மன்னார்ப் பட்டினத்துச் சின்னக்கடையில் ஒரு சமையற்கூடமாகி, ‘லூசியா கேற்றரிங்’ என்று பலகையும் ஏறியது. இப்போது தலைமன்னார்ப் பக்கம் புதிதாகத் திறக்கும் விருந்தினர் விடுதி ஒன்று, வருடம் முழுக்கச் சாப்பாடு அவளிடமே எடுக்கிறோம் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. மரக்கறி எல்லாம் நஞ்சில்லாததாகவும் ‘நியாய வர்த்தக’ச் சான்றிதழ் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

“நியாய வர்த்தகம் எண்டா என்னக்கா?” என்று மேரி ரோஸ் கேட்டிருந்தாள்.

“உன்னை நான் ஏமாத்தேல்லை எண்டு கொழும்பில இருந்து ஒருத்தர் வந்து எழுதித் தாறது,” என்றாள் லூசியா.

லூசியாவுக்கு மரக்கறி கொடுக்கும் பதினொரு பேர் ஒரு குழுவானார்கள். செயலாளர் முனவ்வர். முசலிக் கரையில் தேசிக்காயும் முருங்கையும் வைத்திருப்பவர். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு இவர்களைப் போலவே திரும்பி வந்தவர். ஒவ்வொரு தோட்டத்தையும் தனித்தனியே பரிசோதிப்பார்கள் என்றும், பதிந்த தோட்டக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும், பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தால் செல்லாது என்றும் அவர்தான் வாசித்துச் சொன்னார். தோட்டத்தில் இரசாயனம் பட்டது தெரிந்தால் மூன்று வருடத்துக்கு அந்தத் தோட்டம் குழுவில் இல்லை.

மூன்று வருடம். லூசியா வாங்காவிட்டால் அறுநூறு கத்தரியின் காயையும் மேரி ரோஸ் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடக்க வேண்டியதுதான். அங்கே மருந்தில் குளித்துப் பளபளக்கும் தம்புள்ளைக் கத்தரிக்குப் பக்கத்தில், ஓட்டை விழுந்த அவளுடைய கத்தரி அகதி மாதிரி இருக்கும். அகதியாக இருந்தது காணும், இனிப் போதும் என்று அவளுக்குப் பட்டது.

அதனால்தான் பாடம். பாடத்தில் எல்லாம் இருந்தது. ஒரு சொல் மட்டும் இருக்கவில்லை.

அந்தச் சொல் எப்படித் தவறியது என்றால், அதற்கு விபூதிப் புதனுக்குப் போக வேண்டும். அன்றைக்குப் பங்குச் சுவாமி ஐந்து குடிமக்களைப் பீடத்துக்கு முன்னால் நிற்பாட்டி, தபசு காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு வரும் வரைக்கும் கள்ளு சாராயம் தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். வின்சன்ட் முதலாவது ஆள். அவருக்கு அதில் ஒரு தேவை இருந்தது. பெரிய கிழமையில் போடும் திருப்பாடுகளின் நாடகத்தில் இராயப்பர் வேசம், அதாவது ஆண்டவரையே தெரியாது என்று சேவல் கூவ முந்தி மறுதலித்த பேதுருவின் வேசம், அவருக்கு வேண்டும். போன வருடம் அவருக்கு உரோமைச் சேவகன் வேசம். கல்லறைக்குக் காவல் நிற்க வேண்டியவர், உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது என்று போய்ப் படுத்து நித்திரையாகிவிட்டார். சிலுவையில் இருந்து இறக்கிய ஆண்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வைக்க இடமில்லாமல் வெளியே நின்றார்கள். அந்த மானத்தை மீட்க வின்சன்ட் தாடியும் வளர்க்கத் தொடங்கியிருந்தார். சத்தியத்துக்குச் சாட்சியாக மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது மேரி ரோஸ்.

நாலு நாள் வின்சன்ட் குடிக்கவில்லை. ஐந்தாம் நாள் தோட்டத்துக்கு வந்தார்.

அதுதான் ஆபத்து. குடிக்காத வின்சன்டுக்கு உலகத்தைத் திருத்த வேண்டும் போல இருந்தது. தண்ணி விடுகிற முறை பிழை என்றார். பந்தல் கோணல் என்றார். உதவி செய்கிறேன் என்று முப்பத்திரண்டு மிளகாய்க் கன்றுகளைப் புல்லென்று நினைத்துப் பிடுங்கி, வரப்பில் அழகாக அடுக்கியும் வைத்தார். அன்று பின்னேரம் கள்ளுச் சீவுகிறவர் வேலியால் எட்டிப் பார்த்தபோது, மேரி ரோஸ்தான் நீலப் பிளாஸ்டிக் கானைக் கள்ளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆனால் வீட்டில் கள்ளு என்ற சொல்லை எடுக்க முடியாது. அயலில் இருப்பதெல்லாம் கோயில் ஆட்கள். ஆகவே அதற்கு ‘மருந்து’ என்று பெயர் வந்தது. பெயர் வைத்ததும் அவள்தான். இடுப்பில் நாரிப் பிடிப்புக்கு மருந்து. “மருந்து வந்திட்டுதோ?” “மருந்து அடிச்சிட்டியளோ, சோறு போடட்டோ?” மற்றத் தோட்டங்களில் மருந்து என்றால் பூச்சிமருந்து. இவர்கள் தோட்டத்தில் பூச்சிமருந்து இல்லாததால் அந்தச் சொல் ஆளில்லாக் காணி மாதிரிச் சும்மா கிடந்தது. கள்ளு வந்து அதில் மீள்குடியேறிவிட்டது.

பரிசோதகர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். பெயர் அனுஜா. கொழும்புப் பிள்ளை, விவசாயம் படித்தவள், கையில் தடித்த கோப்பு, தோளில் ஒரு பை. அவளுக்கு வழிகாட்டிக்கொண்டு முனவ்வர் மோட்டார் சைக்கிளில் வந்தார். லூசியா ஸ்கூட்டரில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே கத்தரி வரிசைக்குள் இறங்கினாள். குழுவுக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தவர் என்ற முறையில் பங்குச் சுவாமியும் வந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும் வின்சன்ட் தாடியைத் தடவிவிட்டார்.

“அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஐயாதான் பதில் சொல்லணும்,” என்றாள் அனுஜா.

மேரி ரோஸ் கிணற்றடிக்குப் போனாள். பத்தடி தூரம். லூசியாவும் சுவாமியும் முனவ்வரும் இன்னும் தள்ளிப் பப்பாசி மரத்தடியில் நின்று, விடுதி திறப்பு விழாவுக்கு என்ன சமைப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் அரை மணித்தியாலம் நவநாளின் பலன் தெரிந்தது. வேப்பங்கொட்டை வந்தது. சவுக்காரம் வந்தது. மாட்டெரு, ஆட்டெரு, பூவரசங்குழை வரிசை தவறாமல் வந்தன. கழுதை வரவில்லை. மேரி ரோஸ் கிணற்றுக்கட்டில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

அனுஜா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். “பயிர்ப் பாதுகாப்பு இரசாயனப் பதார்த்தங்களின் பிரயோகம் குறித்து விபரிக்குக,” என்று வாசித்தாள்.

வின்சன்ட் வானத்தைப் பார்த்தார். ஞானோபதேசத்தில் கூட இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

நல்ல பிள்ளை அனுஜா. மனிசன் முழிப்பதைக் கண்டு இரக்கப்பட்டு, கோப்பை மூடி, ஊர்ப்பேச்சில் கேட்டாள். “அது ஐயா, மருந்து அடிக்கிறனீங்களோ எண்டு கேக்கிறேன்.”

வின்சன்டின் முகம் மாறியது. பப்பாசிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அனுஜாவுக்குக் கிட்டப் போனார்.

“மெல்லமாக் கதையுங்கோ பிள்ளை. ஆர் சொன்னது?”

“யாரும் சொல்லல்ல. எல்லாரையும் கேக்கிறதுதான். உண்மையச் சொன்னா நல்லது.”

“எல்லாரையுமோ?” வின்சன்டுக்குக் கொஞ்சம் ஆறுதல். “உண்மையைச் சொன்னா என்ன, அடிக்கிறனான்தான். தபசு காலம் எண்டபடியா நல்லாக் குறைச்சிட்டன்.”

மேரி ரோஸின் கையில் இருந்த வாளி கிணற்றுக்குள் போனது.

“எவ்வளவு நாளைக்கு ஒருக்கா?” அனுஜா பேனையைத் திறந்தாள்.

“ஒவ்வொரு நாளும். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை.”

“ஒவ்வொரு நாளுமா!”

“பின்னேரத்திலதான் பிள்ளை. வெயில் தாழ முந்தி அடிச்சா தலையிடிக்கும். நாலு மணிக்குப் பிறகெண்டா நல்லாப் பிடிக்கும்.”

மேரி ரோஸ் இருமினாள். பலமாக இருமினாள். வின்சன்ட் திரும்பிப் பார்த்து, “மனிசிக்குத் தடிமன்,” என்று விளக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“எத்தனை மடங்கு தண்ணி கலப்பீங்க?”

“தண்ணியோ?” வின்சன்டுக்குப் பழைய காயம் ஒன்று திறந்தது. “நான் ஏன் கலக்க? கொண்டுவாறவனே அரைவாசி கலந்துபோட்டுத்தான் தாறான்.”

“கம்பெனிச் சாமானா?”

“கம்பெனிச் சாமான் கட்டுப்படியாகுமே எங்களுக்கு? அது நத்தாருக்கு, திருநாளுக்கு. மற்றும்படி உள்ளூர்த் தயாரிப்பு.”

அனுஜா எழுதினாள். எழுதியதற்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். “அடிக்கேக்க வாய், மூக்கெல்லாம் மூடிக் கட்டுவீங்களா?”

“வாயைக் கட்டினா எப்பிடிப் பிள்ளை?”

“ஐயா, அது உள்ளுக்குப் போனா உயிருக்கே ஆபத்து!”

“மனிசியும் அதைத்தான் சொல்லுறவ.”

“சரி. அடிச்சு எத்தனை நாளுக்குப் பிறகு புடுங்குவீங்க?”

வின்சன்ட் யோசித்தார். வெறியில் செய்யும் அட்டகாசத்தைக் கேட்கிறாள் போல; இது கொஞ்சம் அந்தரங்கமான கேள்வியாகப் பட்டது. ஆனாலும் உண்மை சொல்லத் தொடங்கியாகிவிட்டது. “அடிச்ச கையோடதான். அண்டைக்கு மிதப்பில பக்கத்து வளவு ரொபின்சன்ர வேலியைக் கூடப் புடுங்கிப்போட்டன்.”

அனுஜா கோப்பை மூடிக்கொண்டு நேரே பப்பாசி மரத்தடிக்குப் போனாள்.

“மிச்சம் கவலையா இருக்கு,” என்றாள். “இந்தத் தோட்டத்த நான் சேர்க்க ஏலாது. பேர் தெரியாத மருந்து, ஒவ்வொரு நாளும், விக்கிறவன் கலந்த தண்ணியத் தவிர வேற தண்ணி கலக்காம. ஐயா தன்ர வாயால ஒத்துக்கொண்டிட்டார். மூணு வருசம்.”

“வின்சன்ட் மருந்தடிக்கிறாரோ?” லூசியாவின் தலைக்கவசம் வெட்டித் திரும்பியது. “அட பாவி! உன்ர கத்தரிக்காயைத்தானே நான் போன கிழமை ஆயருக்கு வைச்சனான்!”

மேரி ரோஸ் ஓடிவந்தாள். வின்சன்டும் வந்தார். இப்போதுதான் அவருக்கு விளங்கியது. நெற்றியில் வியர்த்ததைப் பார்த்தாலே தெரிந்தது, எந்த மருந்தைப் பற்றிக் கேட்டார்கள், எந்த மருந்தைப் பற்றித் தான் சொன்னார் என்று. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் எதிரே சுவாமி நின்றார்.

“வின்சன்ட்,” என்றார் சுவாமி, சந்தேகமாக. “என்ன மருந்து?”

வின்சன்ட் இராயப்பரின் தாடியை ஒருமுறை தடவினார். “பூச்சிமருந்துதான் சுவாமி.”

சுவாமியின் முகம் வெளித்தது. “நல்ல காலம். நான் வேற என்னவோ எண்டு பயந்திட்டன்.”

மேரி ரோஸ் கத்தரி வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். மனிசன் நாடகத்தில் ஒரு வேசத்துக்காக அறுநூறு கத்தரியையும் நஞ்சாக்கிவிட்டார். அவள் உடனே வாய் திறந்திருக்கலாம். ஆனால் மெழுகுதிரி பிடித்தவள் அவள். கான் கொடுத்தவள் அவள். மருந்து என்று பெயர் வைத்தவளும் அவள். இரண்டு பேரையும் காட்டிக்கொடுக்காமல் ஏதாவது வழி இருக்குமா என்று பார்த்தாள்.

“பிள்ளை,” என்றாள் அனுஜாவிடம், “இவரிட்ட மருந்தடிக்கிற மெசின் எங்க எண்டு ஒருக்காக் கேளுங்கோ. எங்களிட்ட மெசினே இல்லை. நான் வேப்பங்கரைசலைக் குழையால தொட்டுத் தொட்டுத்தான் தெளிக்கிறனான், சுவாமி தீர்த்தம் தெளிக்கிற மாதிரி.”

அது நல்ல கேள்வி. அனுஜாவே நிமிர்ந்தாள். “ஓம் ஐயா, மெசின் எங்க?”

“இரவல்,” என்றார் வின்சன்ட்.

“யாரிட்ட?”

வின்சன்டின் கண் அங்கே நின்றவர்கள் மேல் ஒவ்வொருவராக நடந்தது. சுவாமியிடம் மெசின் இருக்காது. லூசியா அடிப்பாள். மிஞ்சியது ஒருவர்தான்.

“முனவ்வரிட்ட.”

“யா அல்லாஹ்!” முனவ்வர் இரண்டடி பின்னால் போனார். “வின்சன்ட் அண்ணன், என்ன இது? என்ர வளவில மெசினோ? இண்டைக்குப் பின்னேரம் என்ர தோட்டத்துக்கும் இந்தப் பிள்ளை வரப்போறா!”

அனுஜா கோப்பை மறுபடி திறந்து, முனவ்வரின் பெயர் இருந்த பக்கத்தைத் தேடினாள்.

முனவ்வர் மேரி ரோஸுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். வேலியால் எட்டிப் பார்க்கும் அந்தக் கள்ளுச் சீவுகிறவரைக் குழு அலுவலாக வந்த நேரங்களில் அவரும் எத்தனையோ தரம் கண்டவர்தான். “தங்கச்சி, எனக்கு விசயம் தெரியும். ஆனா நான் சொல்லேலாது. நான் வாய் திறந்தா, சோனகச் செயலாளர் வந்து வேதக்காறரின்ர தபசு காலத்தைக் குழப்பிப்போட்டான் எண்டு நாளைக்கே கதை வரும். இது நீங்கதான்.”

இனி ஒளிக்க இடமில்லை என்று மேரி ரோஸுக்குத் தெரிந்தது. தன் தோட்டம் போவது ஒன்று. முசலிக் கரையில் காட்டை வெட்டி வைத்த மனிசனின் தேசி மரங்களையும் சேர்த்துக் கொண்டுபோவது இன்னொன்று.

“சுவாமி, மன்னியுங்கோ,” என்றாள். “அவர் மருந்தெண்டு சொல்லுறது கள்ளு.”

கத்தரிக்குள் ஒரு தவிட்டுக்குருவி கத்தியது.

“பொய்!” என்றார் வின்சன்ட். “விபூதிப் புதனுக்குப் பிறகு ஒரு சொட்டு நான் தொட்டிருந்தா...”

“கான் கொட்டிலுக்குள்ள இருக்கு. நீலக் கான். நான்தான் வாங்கி வைச்சனான்.”

“எனக்கு எந்தக் கானையும் தெரியாது!”

மேரி ரோஸ் போய்க் கானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேற்றைய மிச்சம் அரைவாசி உள்ளே சளக் சளக்கென்றது. அனுஜா பையில் இருந்து சின்னக் கண்ணாடிப் போத்தில் ஒன்றை எடுத்தாள்.

“இத ஆய்வுகூடத்துக்கு அனுப்பணும். முடிவு வர ஆறு கிழமை.”

“ஆறு கிழமையோ?” லூசியா கானைப் பறித்தாள். “விடுதி திறக்க இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு. கொண்டா இஞ்ச.” தலைக்கவசக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கானை அப்படியே வாயில் சரித்தாள். ஒரு மிடறு, இரண்டு மிடறு. மூன்றாவது மிடறு பரிசோதனைக்குத் தேவையில்லாதது. “கள்ளுத்தான். பனங்கள்ளு. நேத்துப் பின்னேரம் இறக்கினது, இப்ப புளிச்சுப்போச்சு. தண்ணி கலந்ததெண்டு வின்சன்ட் சொன்னது மட்டும் உண்மை.”

“நீங்க குடிச்சத நான் ஆதாரமா எழுத ஏலாது அக்கா,” என்றாள் அனுஜா.

“அப்ப சுவாமி பாக்கட்டும். அவர் எழுதித் தந்த கடிதத்தை நம்பினனீங்கள்தானே?”

சுவாமி கானை வாங்கி, வாயில் வைக்காமல் மூக்கால் ஒருமுறை இழுத்தார். “கிழக்குப் பக்கப் பனை,” என்றார்.

“சுவாமிக்கு அது எப்பிடித் தெரியும்?” என்று முனவ்வர் வெள்ளை மனதோடு கேட்டார்.

பிறகு சுவாமி வின்சன்ட் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. கானின் மூடியை இறுக்கிப் பூட்டினார்.

“இராயப்பர் கூட மூண்டு தரந்தான் மறுதலிச்சவர். நீர் கால் மணித்தியாலத்தில எத்தினை தரம் எண்டு நான் எண்ணேல்லை. வேசம் ரொபின்சனுக்கு.”

“சுவாமி! அவன்ர மூஞ்சைக்கு இராயப்பரோ? தாடியும் இல்லை!”

“தாடி ஒட்டலாம். உமக்கு வேற ஒண்டு தாறன். திரைக்குப் பின்னால நிண்டு சேவல் கூவ ஒரு ஆள் வேணும்.”

லூசியா சிரித்த சிரிப்பில் தலைக்கவசக் கண்ணாடி தானாகக் கீழே விழுந்து மூடியது. உள்ளே இருந்தும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. வின்சன்ட் வரப்பில் குந்திவிட்டார்.

அனுஜா சிரிக்கவில்லை. அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, இந்த வரிசை எப்ப நட்டது?”

“தை மாசம்... பொங்கலுக்கு...” வின்சன்ட் மேரி ரோஸைப் பார்த்தார்.

“மார்கழி மழை விட்டு எட்டாம் நாள்,” என்றாள் மேரி ரோஸ். “விதை முனவ்வர் அண்ணன்ர மனிசி றிஸ்மினா தந்தது, முள்ளுக் கத்தரி. அந்தக் கரை வரிசை மட்டும் என்ர விதை. அதில தண்டுப்புழு வந்து இருபத்தாறு செடியைக் கையாலயே பிடுங்கி எரிச்சனான். அந்த வெறும் இடந்தான் அது.”

“தண்டுப்புழு எண்டு எப்பிடிக் கண்டீங்க?”

“காலமை நல்லா நிண்ட செடி மத்தியானம் உச்சி வாடிக் கிடந்தா, வெட்டிப் பாக்க வேணும். உள்ளுக்கு இருப்பார்.”

அனுஜா எழுதியதை எல்லாம் ஒரு கோட்டால் வெட்டினாள். “சுவாமிட சாட்சிய எழுதிக்கொள்றேன், மருந்துப் பிரச்சினை முடிஞ்சுது. ஆனா இப்ப வேற பிரச்சினை. உற்பத்தியாளர் எண்டு இதில ஐயாட பேர் இருக்கு. ஐயா உற்பத்தியாளர் இல்ல. பொய்த் தகவல் தந்தாலும் நான் தள்ளத்தான் வேணும்.”

மேரி ரோஸுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “பிள்ளை, நாங்கள் பொய் எழுதேல்லை. பெர்மிற் அவற்ர பேரில. கந்தோரில ஆம்பிளையின்ர பேரைத்தான் கேட்டவை.”

“காணி யாருடையது எண்டு இந்தப் படிவம் கேக்கல்ல அம்மா. கத்தரிக்காய் யாருடையது எண்டுதான் கேக்குது. பேர மாத்தலாம். காணிக்காரர் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைக்கணும். இப்பவே.”

எல்லாருடைய கண்ணும் வரப்புக்குப் போனது. வின்சன்ட் மெல்ல எழும்பினார். அன்று காலையில் இருந்து முதல் தடவையாக அவரிடம் எல்லாருக்கும் தேவையான ஒன்று இருந்தது. சாரத்தைத் தட்டி, நெஞ்சை நிமிர்த்தினார்.

“நான் ஏன் வைக்க? ஊருக்கு முன்னால என்னைக் குடிகாரன் எண்டவள். இராயப்பரும் போச்சு. இப்ப தோட்டத்தையும் எழுதித் தரட்டாம். சுவாமி, நீங்களே சொல்லுங்கோ, இது என்ன நியாய வர்த்தகம்?”

சுவாமி பப்பாசியைப் பார்த்தார். முனவ்வர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். புருசன் பெண்சாதி விசயத்தில் இரண்டு சமயமும் ஒரே கொள்கை.

மேரி ரோஸ் கெஞ்சப் போகிறாள் என்று வின்சன்ட் காத்திருந்தார். அவள் கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் துலாவால் தேடி எடுத்துக்கொண்டு வந்து, அவர் காலடியில் வைத்தாள்.

“வைக்க வேண்டாம்,” என்றாள். “தோட்டக்காரர் நீங்கள்தான். நாளையில இருந்து காலமை நாலு மணிக்கு எழும்புங்கோ. கத்தரிக்கு நூற்றிருபது வாளி. வெண்டிக்கு அறுபது. பயற்றைக்கு நாப்பது, அதுக்கு வேரடியில மட்டும், இலை நனைஞ்சா பூக் கொட்டும். பிறகு மாட்டெரு அள்ள வேணும், மாடு உங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிக்காது, நீங்கள்தான் மாட்டுக்குப் பின்னால போக வேணும். புழுவைக் கையாலதான் பிடிக்கிறது. இண்டைக்குப் பின்னேரம் வேப்பங்கொட்டை இடிக்கிற நாள். உலக்கை கொட்டிலுக்குள்ள, கான் நிண்ட இடத்துக்குப் பக்கத்தில. நான் கொஞ்ச நாள் நாடகம் பழகுறதைப் போய்ப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

வின்சன்ட் வாளியைப் பார்த்தார். வாளியில் இருந்து கண் கத்தரிக்குப் போனது. அறுநூறும் வெயிலில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ‘தண்ணி’ என்று கேட்பது போலத்தான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். விரலால் காற்றில் ஏதோ பெருக்கிப் பார்த்தார். ஞானோபதேசத்தில்தான் முதற்பரிசே தவிர கணக்கில் இல்லை. ஆனாலும் விடை வந்தது.

“பேனை,” என்றார்.

கையெழுத்து வைத்தார். அழகான கையெழுத்து. வேலை செய்யாத கை, நடுக்கம் இல்லை.

அனுஜா படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “பேர் சொல்லுங்கம்மா.”

“மேரி ரோஸ்.”

“இனிஷியல்?”

வின்சன்ட் தொண்டையைச் செருமி, “வி,” என்று எடுத்துக்கொடுத்தார்.

“ஐயா, பக்கத்தில நிண்டு சொல்லிக் குடுக்கக் கூடாது,” என்றாள் அனுஜா.

மேரி ரோஸ் கொஞ்சம் யோசித்தாள். “வி எண்டே போடுங்கோ,” என்றாள் கடைசியில். “பதினெட்டு வருசம் முகாம் அட்டையில அப்பிடித்தான் இருந்தது. மாத்தப் போனா அதுக்கு இன்னொரு கந்தோர் ஏற வேணும்.”

அனுஜா எழுதி, சுற்றி ஒரு கட்டம் போட்டு, முத்திரை குத்தினாள். சான்றிதழ் பத்து நாளில் வரும் என்றாள். முனவ்வர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அன்றைய மிச்சத் தோட்டங்களுக்குப் போகும் வழியில் ‘மருந்து’ என்ற சொல்லையே எடுக்க வேண்டாம் என்று அவர் அனுஜாவிடம் மன்றாடுவது கேட்டது. சுவாமி நீலக் கானைத் தன் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனார். பறிமுதல் என்றார்.

லூசியா ஸ்கூட்டரில் ஏறி, வழக்கம் போல வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “வின்சன்ட், அப்ப விடுதித் திறப்புக்கு எனக்கு நாப்பது கிலோ கத்தரிக்காய் வேணும், விளங்கிச்சோ? அண்டைக்குக் காலமை ஆறு மணிக்கு...” பாதியில் நிறுத்தினாள். தலைக்கவசம் மெல்லத் திரும்பி கிணற்றடிக்கு வந்தது. “மேரி ரோஸ். நாப்பது கிலோ. ஏலுமோ?”

இரண்டு வருடமாக லூசியாவுக்குக் கத்தரிக்காய் கொடுக்கிறாள். ஏலுமோ என்ற கேள்வி இன்றைக்குத்தான் அவளிடம் வந்தது. மேரி ரோஸ் வரிசைகளை ஒருமுறை பார்த்தாள். பிஞ்சு எத்தனை, முற்றல் எத்தனை, இரண்டு கிழமையில் எது பதம் என்று அவளுடைய கண் போகப் போக எண்ணிக்கொண்டது.

“நாப்பது ஏலாதக்கா,” என்றாள். “முப்பத்திரண்டுதான் நல்ல காய் வரும். மிச்சத்துக்கு வெண்டிக்காய் தாறன், கறியை மாத்துங்கோ. ஆறு மணிக்கு வராதேங்கோ, ஏழுக்கு வாங்கோ. பனி காயாமல் நான் கத்தரி பிடுங்கிறேல்லை.”

“எட பாரன்,” என்றாள் லூசியா, “முத்திரை இன்னும் காயேல்லை, அதுக்குள்ள...” மிச்சத்தை ஸ்கூட்டரின் சத்தம் விழுங்கிவிட்டது. ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது கையைத் தூக்கி ஏழு விரல் காட்டினாள். காட்டுவதற்காக இரண்டு கையையும் விட்டதில் ஸ்கூட்டர் ஒருமுறை ஆடி நிமிர்ந்தது.